வாக்கும் அதனை வாசிக்கும் இயந்திரமும்

சிவமயம்

(சைவாசிரியர்க்கு உரைத்த பிரசங்கம்)



உயிர்களுக்குச் சிவபெருமான் கூட்டியருளிய கருவிகளுள் வாக்கு மிகச் சிறந்தது. கண்ணிழந்தோன் பிறர் கைபற்றி நடப்பான். காலிழந்தோன் இருந்தவிடத்திருந்தே ஏவல்கொள்வான். வாக்கும் கையசைவும் ஒருங்கே இழந்தோனோ தன் பசியை மனையாளுக்கும், தன் நோயை வைத்தியனுக்கும், தன் அன்பைத் தன் பிள்ளைக்கும் உரைக்கமாட்டாது தன்னுள்ளேயே சிறையிருப்பான். அச்சிறையின் கதவைச் சிறிது திறத்தற்கு இக்காலத்தில் ஓர் இயந்திரம் இயற்றப்பட்டிருக்கின்றது. மூளையிலே தோன்றும் நுண்ணிய மின்குறிகளைக் கவர்ந்து, அவற்றினின்றும் ஒருவர் சொல்ல முயன்ற சொல்லை எடுத்துக்காட்டுதல் அதன் தொழிலாம்.

இச்செய்தி நம்முடைய வித்தியாசாலைகளிலும் மாணாக்கர் செவிக்கு எட்டாமலிராது. அவருள் ஒருவன் எழுந்து, "ஐயா, மனத்தில் உள்ளதை இயந்திரம் வாசித்துவிடுமாயின், ஆன்மா என வேறொன்று உண்டென்று கொள்வதெற்றுக்கு? மூளையே நாமன்றோ?" என்று வினவுவானாயின், யாது விடை கூறுவோம்? வினவினவனை அதட்டி இருத்துதல் விடையாகாது. அதட்டப்பட்ட ஐயம் அடங்கினதுபோற் காட்டி உள்ளே வளரும். ஆதலின் இவ்வினாவை இன்று ஒழுங்காக விசாரிப்பாம்.

முதற்கண், நிகழ்ந்தது இன்னதென்று உள்ளவாறு அறிதல் வேண்டும். அறியாது மறுத்தலும் அறியாது வியத்தலும் ஒரு தன்மையனவேயாம்.

வாக்குக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு நேற்றுக் கண்டதொன்றன்று. 1861ஆம் ஆண்டிலே, பாரிஸ் நகருக்கு அணித்தாகிய ஓர் வைத்தியசாலையிற் பவுல் புரோக்கா என்னும் வைத்தியர், பல ஆண்டுகளாக ஓரசையன்றி வேறொன்றும் சொல்லமாட்டாதிருந்த நோயாளி ஒருவரைக் கண்டார். அவர் இறந்தபின் மூளையைச் சோதித்தபொழுது, இடப்பக்கத்து முற்கூற்றில் ஓரிடம் பழுதுற்றிருந்தது. பேச்சுக்குரிய கருவி இவ்விடத்தைச் சார்ந்தது என்று அவர் துணிந்தார். பின்பு 1924ஆம் ஆண்டில் ஜேர்மனி தேசத்து யேனா நகரிலே கான்ஸ் பேர்கர் என்பவர் மனிதர் மூளையின் மின்னலைகளைத் தலையின் புறத்தேயிருந்து முதன்முதற் பதிந்து, 1929ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். மூளை மின்குறிகளால் தொழில் செய்கின்றது என்பது பின்பு யாவருமறிந்த உண்மையாயிற்று.

அக்குறிகளைச் சொல்லாக மாற்றும் முயற்சி கைகூடியது நம் காலத்திலேயாம். கலிபோர்ணியாவைச் சேர்ந்த சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் சர்வகலாசாலையிலே எட்வேர்ட் சாங் என்னும் சத்திரவைத்தியரும் அவர் குழுவினரும் 2021ஆம் ஆண்டில் ஒரு முடிபை வெளியிட்டனர். மூளைத்தண்டிற் பாரிசவாதம் தாக்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பேச்சிழந்திருந்த ஒருவரின் மூளைமேல் 128 மின்வாய்களையுடைய மெல்லிய தகடொன்றை வைத்து, 50 சொற்களுக்குள் அவர் சொல்ல முயன்றதை நிமிடத்துக்குப் பதினைந்து சொல்லளவில் எழுத்தாக்கிக் காட்டினர். நான்கு சொல்லில் ஒன்று பிழைத்தது. 2023ஆம் ஆண்டில் அக்குழுவினரே மற்றொரு பெண்மணிக்கு நிமிடத்துக்கு 78 சொல்லளவிற் பேச்சை மீட்டனர். நோய்வருமுன் அவர் தம் மணவிழாவிற் பேசியது பதிவாயிருந்தமையால், அதனைக்கொண்டு அவருடைய பழைய குரலையே இயந்திரக் குரலாகவும் அமைத்துக் கொடுத்தனர். அவ்வாண்டிலேயே ஸ்ரான்போர்ட் சர்வகலாசாலையார், தசைகள் படிப்படியாக வலியிழக்கும் நரம்புநோய் கொண்ட மற்றொரு பெண்மணிக்கு நிமிடத்துக்கு 62 சொல் என்னும் அளவை எய்தினர். 2024ஆம் ஆண்டில் டேவிஸ் நகரத்துச் சர்வகலாசாலையார் அதே நோய்கொண்ட ஒருவருக்கு, 125,000 சொற்களையுடைய அகராதியினின்றும் நூற்றுக்கு 97க்கு மேற்பட்ட சொற்கள் பிழையின்றி வருமாறு செய்தனர். தாம் சொல்ல முயன்ற சொற்கள் திரையிற் பிழையின்றித் தோன்றக் கண்ட முதனாளில் அந்நோயாளர் மகிழ்ந்து அழுதார்.

இஃது எவ்வாறு நிகழ்கின்றது? இதனை ஆசிரியராகிய நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஏனெனில், இவ்வியந்திரம் பள்ளிப்பிள்ளையைப் போலக் கற்பிக்கப்படுவது. உதடு, நா, தாடை, மிடறு என்னும் உறுப்புக்களை ஏவும் மூளைப்பகுதி நோயாளரிடத்தில் பெரும்பாலும் பழுதுறாதிருக்கின்றது. ஏவல் பிறக்கின்றது, ஏவல் செல்லும் வழி அறுந்திருக்கின்றது. அப்பகுதியில் மின்வாய்களை நாட்டி, திரையில் ஒரு வாக்கியத்தைக் காட்டி, "இதனைச் சொல்ல முயல்க" என்பர். நோயாளர் முயல்வர். ஓசை பிறவாது, குறிகள் பிறக்கும். இன்ன வாக்கியத்துக்கு இன்ன குறிகள் என்று கணனிக்குக் காட்டுவர். ஸ்ரான்போர்ட்டில் அப்பெண்மணி ஒவ்வொரு பயிற்சிநாளிலும் நூற்றுக்கணக்கான வாக்கியங்களாக, மொத்தம் பதினாயிரத்துக்கு மேற்பட்ட வாக்கியங்களைச் சொல்ல முயன்றார். இவற்றால் எந்தக் குறிக்கோவை ஆங்கிலத்தின் 39 ஒலிகளுள் எதனைக் காட்டும் என்பதைக் கணனி நிகழ்தகவாகக் கணித்துப் பழகுகின்றது.

அக்கணிப்பு எப்பொழுதும் தெளிவாயிராது. அங்கே மற்றொரு கணக்கு உதவிக்கு வருகின்றது. மாணாக்கன் எழுதிய கட்டுரையிலே பா என்னும் எழுத்துக்கும் ம் என்னும் எழுத்துக்கும் நடுவே மைபரந்து ஓரெழுத்து மறைந்திருப்பின், அச்சொல் பாடமோ, பாலமோ, பாவமோ என்பதை அயலிலுள்ள சொற்களைக்கொண்டு நாம் துணிகின்றோமன்றோ? அவ்வாறே கணனியும், இச்சொல்லை அடுத்து வழக்கத்தில் எச்சொல் வரும் என்று, முன்னரே பயின்ற அளவிறந்த வாக்கியங்களைக்கொண்டு தேர்ந்து எழுதுகின்றது. ஆகவே திரையிற் றோன்றும் வாக்கியத்தில் ஒருபகுதி நோயாளர் மூளையினின்றும் வந்தது. மீதி மொழிவழக்கினின்றும் ஊகித்தது. இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

இனி, மேற்சொல்லியவை பேச முயன்றதை வாசிப்பனவன்றி நினைப்பை வாசிப்பனவல்ல என்று ஒருவர் ஆறுதல் கூறலாம். ஆயினும் ஆராய்ச்சி அவ்வளவில் நிற்கவில்லை. 2023ஆம் ஆண்டிலே ரெக்சாஸ் மாகாணத்து ஒஸ்ரின் நகரிலுள்ள சர்வகலாசாலையார், மண்டையைத் திறவாமலே, மூளையின் குருதியோட்டத்தைக் காந்தவிசையாற் படம்பிடிக்கும் பெருங்கருவிக்குள் மூவரைக் கிடத்தி, ஒவ்வொருவரையும் பதினாறு மணிநேரம் கதைகளைக் கேட்பித்துக் கணனியைப் பயிற்றினர். பின்பு அவர்கள் புதிய கதை கேட்டபொழுதும், கதையொன்றை உள்ளே எண்ணியபொழுதும், சொற்கள் மாறினும் கருத்து ஓரளவு பொருந்துமாறு கணனி எழுதிக்காட்டியது. "வாகனம் ஓட்டும் உத்தரவுப்பத்திரம் எனக்கு இன்னும் இல்லை" என்று கேட்டதனை, "அவள் வாகனம் ஓட்டக் கற்கவே இன்னும் தொடங்கவில்லை" என்று எழுதியது ஓர் உதாரணம். 2025ஆம் ஆண்டிலே ஸ்ரான்போர்ட் சர்வகலாசாலையார் இன்னும் ஒருபடி சென்று, வாயசைக்க முயலாது உள்ளுக்குள்ளே சொல்லிக்கொள்ளும் சொல்லையும், நூற்றுக்கு 74 வரையிற் பொருந்துமாறு எடுத்துக்காட்டினர். சொல்லும்படி ஏவாத எண்களையும், அவர்கள் உள்ளே எண்ணிக்கொண்டிருந்தபொழுது, ஓரளவு கண்டுகொண்டனர்.

இவையெல்லாம் இன்னும் ஆராய்ச்சி நிலையிலுள்ளன. இக்கருவியைப் பெற்றோர் மிகச் சிலர். எனினும் வழி திறந்துவிட்டது என்பதை மறுத்தற்கில்லை.

இரண்டாவது, இவ்விடத்தில் நம்மவர் கூறத்தக்க மூன்று தவறான விடைகளை எடுத்து விலக்குவாம்.

"இஃதெல்லாம் பொய், வெள்ளைக்காரர் கட்டிய கதை" என்பது முதல்விடை. இது விடையன்று, சோம்பல். வாயிழந்தவர் ஒருவர் தம் பிள்ளையோடு பேசியதைப் பொய்யென்பவன் தன் சமயத்துக்கு ஓர் உதவியும் செய்தவனாகான்.

"இதனை நம் முன்னோர் முன்னரே கண்டனர், நால்வகை வாக்கு நம் ஆகமங்களில் உண்டு" என்பது இரண்டாம் விடை. இது நம்மவர் நாவுக்கு மிகவும் இனிப்பது. ஆதலின் மிகவும் அஞ்சத்தக்கது. நம் முன்னோர் நால்வகை வாக்கைக் கூறினர் என்பது மெய். மின்வாய் நாட்டினர் என்பது பொய். அவர்கள் வாக்கை விசாரித்தது ஆன்மா எவ்வாறு பாசத்தாற் கட்டுண்டு எவ்வாறு வீடுபெறும் என்று அறிதற்பொருட்டு. இவர்கள் மூளையை விசாரித்தது நோயாளருக்குப் பேச்சைக் கொடுத்தற்பொருட்டு. கருத்து வேறு, முறை வேறு, பயன் வேறு. பிறர் பல்லாண்டு உழைத்துப் பெற்ற பேற்றை உழைப்பின்றி நமதென்று கூறுதல் களவின்பாற்படும்.

"இயந்திரம் சொல்லையே வாசிக்கும், கருத்தை வாசியாது, கருத்தை வாசிப்பினும் உணர்ச்சியை வாசியாது, அங்கேதான் ஆன்மா உள்ளது" என்பது மூன்றாம் விடை. இது கேட்டற்கு நன்றாயிருப்பினும் பெருங்கேட்டைத் தருவது. இயந்திரம் இன்று எட்டாத இடமொன்றைத் தேடி, அதனுள்ளே ஆன்மாவை ஒளித்துவைப்பின், நாளை இயந்திரம் அவ்விடத்தையும் எட்டும்பொழுது யாது செய்வோம்? ஆன்மாவை வேறோரிடத்துக்கு எடுத்துச்செல்வோமோ? ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் ஒவ்வோரடி பின்வாங்கும் சமயம் இறுதியில் நிற்க இடமின்றி ஒழியும். சித்தாந்த சைவம் ஆன்மாவை அவ்வாறு ஒளித்துவைத்ததேயில்லை.

மூன்றாவது, சித்தாந்தம் கூறுவது இன்னதென்று காண்பாம்.

வாக்கு நான்கு: வைகரி, மத்திமை, பைசந்தி, சூக்குமை. பிறர் செவிக்குக் கேட்பது வைகரி. பிறர் செவிக்கு எட்டாது உள்ளே ஓசையாய் நிற்பது மத்திமை. மயில்முட்டையின் நீரிலே பலவண்ணமும் பிரிவின்றி அடங்கியிருத்தல்போல எழுத்தும் சொல்லும் வேறுபடத் தோன்றாது அடங்கி நிற்பது பைசந்தி. அதற்கும் மூலமாய் நுண்ணியதாய் நிற்பது சூக்குமை. இந்நான்கும் எதன் காரியம்? சுத்தமாயையின் காரியம். மாயை சடம். ஆகவே வாக்கு நான்கும் சடமேயாம், ஆன்மா அல்ல. சூக்குமை வாக்கையே ஆன்மாவென மயங்குவாரும் உளர் என்று கண்டு, அம்மயக்கத்தை நம் ஆசாரியர்கள் மறுத்திருக்கின்றனர்.

அன்றியும், மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் பிரகிருதிமாயையிற் றோன்றிய தத்துவங்கள். அவையும் சடமே. இதனை ஊன்றி நோக்குங்கள். உடம்பு சடம், மனம் அறிவு என்று பிரித்து, மனத்தையே உயிரென்று கொள்வார் பிற சமயத்தாருள்ளும் தத்துவநூலாருள்ளும் பலர். நம்முடைய சித்தாந்தமோ மனத்தையும் உடம்போடு சேர்த்துக் கருவியென்றே வைத்தது. சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரத்தில் மெய்கண்டதேவர் உடம்பை மாயையினாலாய ஓர் இயந்திரமென்றே கூறியருளினார். ஆதலின், இயந்திரமொன்று மனத்தை வாசித்தது என்று கேட்டவளவில் மனமே உயிரென்பார் நடுங்கலாம். சைவர் நடுங்க வேண்டுவதில்லை. சடமாகிய கணனி சடமாகிய கரணத்தின் அசைவைக் காட்டியது. சடத்தைச் சடம் காட்டுதலில் வியப்பு யாது? கண்ணாடி முகத்தைக் காட்டுகின்றது. கண்ணாடியாற் காண்பான் இல்லையென்று எவரும் கூறார்.

ஆயின் ஆன்மா எங்கே? வாசிக்கப்பட்டதினிடத்திலன்று, வாசிக்கப்பட்டது தன்னுடையதென்று அறிவானிடத்திலே. டேவிஸ் நகரத்து நோயாளரை நினையுங்கள். அவர் சொல்ல முயன்றார். கணனி வாக்கியத்தை எழுதியது. அது சரியோ பிழையோ என்று யார் கூறுவது? ஆராய்ச்சியாளர் கூறமாட்டார், கணனி கூறமாட்டாது. நோயாளரே திரையைக் கண்ணால் நோக்கி, இது சரி, இது பிழை என்று குறிகாட்டினார். என் உடம்பு, என் மனம் என்று கூறுவதனால், உடம்பினும் மனத்தினும் வேறாய் அவற்றையுடையான் ஒருவன் உளன் என்று நம் ஆசாரியர்கள் சாதித்தனர். "இஃது என் சொல், இஃது என் சொல்லன்று" என்று பகுத்தறிதலும் அவ்வகையதே. அக்குறிகாட்டலும் கண்ணாலும் மூளையாலும் நிகழ்ந்ததன்றோ எனின், ஆம். அதுவும் கருவியால் நிகழ்ந்ததே. ஆயினும் கருவியின்மேற் கருவியை எத்துணை அடுக்கினும் அடுக்கு உயர்வதன்றிக் கருவி கருத்தாவாதல் இல்லை.

மேலும், இந்நோயாளரிடத்தே இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றும் வேறுவேறாய் நிற்றலைக் காண்கின்றோம். சொல்ல விரும்பினர்: இச்சை குன்றவில்லை. சொல்லத்தக்கது அறிந்தனர்: ஞானம் குன்றவில்லை. கிரியை ஒன்றே தடைப்பட்டது. அத்தடையை நீக்கிய இயந்திரமும் இச்சையின்றி இயங்கவில்லை. ரெக்சாஸ் சோதனையிலே கதை ஒலித்துக்கொண்டிருக்கும்பொழுது, அதில் மனம் வையாது எண்களை எண்ணுதல், மிருகங்களை நினைத்தல், வேறு கதை சொல்லிக்கொள்ளுதல் என்பவற்றைச் செய்தவர்களிடத்தில் கணனி தோற்றது. ஒருவரிடத்திற் பயின்றது மற்றொருவரிடத்திற் பயன்படவும் இல்லை. 2025ஆம் ஆண்டுச் சோதனையிலே, நோயாளர் முன்னரே குறித்துவைத்த ஒரு தொடரை உள்ளே நினைத்தாலன்றி இயந்திரம் திறவாதபடி பூட்டும் அமைத்தனர். உடையான் இசைந்தாலே உடைமை திறக்கின்றது.

இங்கே நடுவுநிலை பிறழாது ஒன்று கூறுதல் கடமை. இவ்விசைவும் பூட்டும் இன்றைய கருவியின் தன்மை. நாளை இசைவின்றியும் வாசிக்கும் கருவி வரக்கூடும். வரினும் நம் முடிபு மாறாது. இவ்வியந்திரம் ஆன்மாவை நாட்டவும் மாட்டாது, மறுக்கவும் மாட்டாது. ஆன்மவிசாரம் அதன் எல்லைக்குள் இல்லை. தராசு நிறையை அளக்கும், நீதியை அளவாது. அதனாற் றராசு குறையுடையதுமன்று, நீதி இல்லாததுமன்று.

மாணாக்கன் இன்னும் ஒன்று வினவலாம்: "மூளையில் ஓரிடம் பழுதுற்றாற் சொல்லே மறந்துபோகின்றதே, மூளையினும் வேறாய் அறிவான் ஒருவன் உளனாயின் அவன் மறப்பானேன்?" இதுவே பொருளுடைய வினா. மூளைத்தண்டிற் பழுதுற்றார்க்கு ஏவல் மாத்திரம் தடைப்படும். புரோக்கா கண்டதுபோன்ற பழுதுற்றார்க்குச் சொல்லை ஆக்குதலே தடைப்படும். இதற்கும் சித்தாந்தத்தில் விடை உண்டு. கருவியின்றியும் ஆன்மா தானே அறியும் என்று நாம் கூறவில்லை. அநாதியே ஆணவத்தான் மறைப்புண்ட ஆன்மா, கருவிகள் கூடாத கேவலநிலையில் ஒன்றையும் அறியாது கிடக்கும். தனு கரணங்கள் கூடிய சகலநிலையிலேயே அறியும் என்பது நம் கொள்கை. இருளிற் கண்ணுக்கு விளக்குப்போல, மலமறைப்பில் ஆன்மாவுக்குக் கலாதிகளும் கரணங்களும் உதவுகின்றன. விளக்கு உடைந்தாற் கண் காணாது; அதனாற் கண் இல்லையென்பது பெறப்படுமோ? மூளை பழுதுற்றால் அறிவு விளங்காது என்பது சைவத்துக்கு முரண்பட்டதன்று, சைவம் கூறுவதேயாம்.

அன்பர்களே, இனி இவ்விசாரத்தின் உச்சிக்கு வருகின்றோம். ஐம்பொறிகள் ஆன்மாவினாலே பொருளை அறிகின்றன. அறிந்தும் தம்மையும் அறியமாட்டா, தம்மைச் செலுத்தும் ஆன்மாவையும் அறியமாட்டா. இப்புதிய இயந்திரமும் பொறிகளோடு வைத்தெண்ணத்தக்க ஒரு பொறியே. ஒருவர் நினைத்த சொல்லை அது திரையில் எழுதும். அச்சொல்லை நினைத்தவர் உளரென்பதை அறியாது. எழுதுவது தான் என்பதையும் அறியாது. இதனைக் கேட்டு இயந்திரத்தை இகழ்ந்து நகையாதீர்கள். அவ்வாறே நாமும் சிவபெருமானாலே அறிகின்றோம். அறிந்தும் நம்மை அறிவிப்பவனை அறியாதிருக்கின்றோம் என்று ஐந்தாஞ் சூத்திரம் உணர்த்துகின்றது. அவன் உயிர்க்குயிராய் உடனின்று அறிவிக்க நாம் அறிகின்றோம். இயந்திரம் புறத்தேயிருந்து கரணத்தின் அசைவைக் காண்பது. அவன் அகத்தேயிருந்து கரணத்துக்கு அப்பாலாகிய நம்மையே காண்பான். நம் நினைப்பு பிறரால் அறியப்படும் என்று இயந்திரத்தைக் கண்டு இன்று அஞ்சுகின்றவன், அஃது என்றும் அறியப்பட்டேயிருந்தது என்பதை ஒருநாளேனும் எண்ணினானோ?

திருநின்றவூரிலே பூசலார் நாயனார் பொருள் கிடையாமையால் மனத்தினாலே கோயில் எடுத்தார். காஞ்சிபுரத்திலே காடவர்கோன் கல்லினாலே கோயில் எடுத்தான். மனக்கோயிலின் பிரதிட்டைநாளே தன் கோயிலுக்கும் நாளாயிருத்தலை அரசன் அறியான். சிவபெருமான் கனவிலே உணர்த்தியருள அறிந்தான். அக்காலத்தில் இவ்வியந்திரம் இருந்து நாயனார் மூளையை வாசித்திருப்பின், கல், சுண்ணம், தூபி, கூவல், மதில் என்னும் சொற்களை எழுதியிருக்கும். கூலிக்குக் கணக்கிடும் சிற்பாசாரி ஒருவர் மூளையிலும் அச்சொற்களே எழும். சொற்கள் ஒன்றாயிருக்க, ஒன்று கோயிலாயிற்று, மற்றையது கணக்காயிற்று. நாயனாரின் கோயில் மேன்மையுற்றது எவரும் அறியாமையாலன்று, சிவனுக்கே ஆக்கப்பட்டமையால். திருமயிலையில் வாயிலார் நாயனார் செய்த மானதபூசையும் அத்தன்மையதே. மானதசெபம் ஏனைச் செபங்களிலும் சிறந்தது என்பதும், அஃது இரகசியம் என்னும் காரணத்தாலன்று, மனம் புறத்தே ஓடாது ஒருமையுறுதலாலேயாம். ஆதலின் ஐந்தெழுத்தை உள்ளே ஓதுவோன், இயந்திரம் கேட்பினும் கேளாதொழியினும், ஓர் இழப்பும் இல்லாதவன்.

நான்காவது, இவ்வுண்மையால் நாம் செய்யக்கடவது யாது?

ஒன்று, பிறர் உள்ளத்தை அவர் இசைவின்றி வாசித்தல் அதர்மம் என்பதை மாணாக்கர்க்கு இப்பொழுதே உணர்த்தல் வேண்டும். தென்னமெரிக்காவிலுள்ள சிலி தேசத்தார் 2021ஆம் ஆண்டில் மூளையின் தொழிற்பாட்டையும் அதனினின்றும் பெறும் செய்திகளையும் காக்கும்படி தம் அரசியலமைப்பையே திருத்தினர். பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கலாகாது என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், கடிதமாய் எழுதப்படாத நினைப்புக்கும் அவ்வறம் பொருந்தும் என்று கற்பிக்கக் கடவோம்.

மற்றொன்று, இதனினும் அணித்தாயுள்ளது. இவ்வியந்திரங்கள் உலகத்துக்கு அறிவித்த பேருண்மை ஒன்றுண்டு: வாய் அடைபட்டவரிடத்தில் வாக்கு அடைபட்டிலது. பதினைந்து ஆண்டு, பதினெட்டு ஆண்டு பேசாதிருந்தவர்களிடத்திலே சொல் அழியாது காத்திருந்தது. இதனை அறிதற்கு இயந்திரமும் வேண்டுவதில்லை. 1995ஆம் ஆண்டில் மூளைத்தண்டு பழுதுற்று, இடக்கண் இமையொன்றன்றிப் பெரும்பாலும் வேறெதனையும் அசைக்கமாட்டாதிருந்த ழான் தொமினிக் போபி என்னும் பிராஞ்சு தேசத்துப் பத்திராதிபர், அருகிருந்தவர் எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, வேண்டிய எழுத்துக்கு இமைத்து இமைத்து ஒரு புத்தகமே எழுதுவித்தார். அது 1997ஆம் ஆண்டில் வெளிவந்தது. வெளிவந்த சிலநாளில் அவர் இறந்தார். அவருக்குக் கிடைத்தது மின்வாயன்று. பொறுமையோடு எழுத்துச் சொன்ன ஒரு மானிடவாய்.

நம் இல்லங்களை நோக்குங்கள். பாரிசவாதத்தால் நா எழாது திண்ணையிற் கிடக்கும் முதியவரின் தலைமாட்டிலிருந்து, அவர் இன்னும் எத்துணை நாள் இருப்பார் என்றும், காணியை யாருக்கு எழுதுவது என்றும் பேசுவார் எத்துணைபேர்! அவர் பேசமாட்டாராதலின் கேட்கவும் மாட்டார் என்று எண்ணுகின்றனர். அவரோ ஒவ்வொரு சொல்லையும் கேட்கின்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளே விடை கூறுகின்றார். அவ்விடையைக் கேட்பவன் சிவனொருவனே. நம் வகுப்பறைகளையும் நோக்குங்கள். நாத்தெற்றும் பிள்ளை, நாணத்தால் விடைகூறாது நிற்கும் பிள்ளை, செவிப்புலன் குன்றியமையாற் சொல் திருந்தாத பிள்ளை ஆகிய இவர்களை மந்தர் என்று கடைவாங்கில் இருத்திவிடுகின்றோம். அமெரிக்க தேசத்து வித்துவான்கள் ஒருவரின் ஒரு வாக்கியத்தைப் பெறுதற்கு மாதக்கணக்காக அவர் அருகிலிருந்து பதினாயிரம் வாக்கியங்கள் கேட்டனர். நாம் ஒரு பிள்ளையின் ஒரு விடைக்கு ஒரு நிமிடம் காத்திருக்கின்றோமா?

ஆன்மா உண்டென்று சாதிக்கச் சூத்திரம் காட்டுதல் எளிது. பேசமாட்டாத ஓருடம்பின்முன் நின்று, இங்கே ஓர் ஆன்மா உளது, இதற்குள்ளே சிவன் உளன் என்று அறிந்து அதற்கேற்ப ஒழுகுதல் அரிது. முன்னையது கல்வி, பின்னையது சைவம். மூளையே மனிதன் என்று கொள்வார் பலர் பேச்சிழந்தாரை மனிதராய் மதித்து உழைத்துக்கொண்டிருக்க, உயிருக்குயிராய்ச் சிவன் நிற்கின்றான் என்று ஓதும் நாம் அவரைக் கட்டையென விட்டுவிடுவோமாயின், மாணாக்கன் எவ்விடையை நம்புவான்? நம் நாவை நம்பான். நம் நடையையே நம்புவான்.

ஆகவே ஆசிரியர்களே, வினவும் மாணாக்கனுக்கு இவ்வாறு விடை கூறுங்கள்: "மகனே, இயந்திரம் வாசித்தது உன் கருவியை. கருவியையுடைய நீ வேறு. உன்னை உடையவன் ஒருவன் உளன். அவன் கேளாத சொல் இல்லை." இங்ஙனம் கூறி, நாளைக் காலை வகுப்பிலே, நாவெழாது நிற்கும் பிள்ளையின் அருகே சென்று, அப்பிள்ளை சொல்லிமுடிக்குந்துணையும் காத்திருங்கள்.

திருச்சிற்றம்பலம்